பிரமை எங்கிருந்து வருகிறது: செரோட்டோனினைத் தோட்டப்புற மாணவர்களுக்கு விளக்கும் முறை

இந்த வகுப்பை நடத்த மூன்று பொருள்கள் போதும்: தலைக்கு ஒன்று வீதம் கோடு போட்ட நோட்டுத்தாள், ஒரு கறுப்புப் பேனா, சாவியோடு ஒரு பழைய பூட்டு. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கோவில் மண்டபத்துச் சிமெண்டுத் தரைதான் பெரும்பாலும் நமக்கு வாய்க்கும் வகுப்பறை என்பதால், அந்தத் தரையில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

நான் கித்தா என்னும் ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் தோட்ட மருத்துவமனையில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து, செம்பனை வந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்கள் பாதி காலியான பிறகு ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். இல்லாததைக் காணவைக்கும் பிரமையூட்டும் போதைப்பொருள்களைப் பற்றி முதன்முதலாக வகுப்பெடுத்த அன்று, அவை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கின்றன என்று சொல்லி, வெண்பலகையில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து, அதன் கீழே ‘செரோட்டோனின் என்றால் மகிழ்ச்சி’ என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து, “அப்படின்னா அதைத் தூண்டி விட்டா சந்தோஷம்தானே ஐயா வரணும், சுவர் ஏன் ஆடுது, ஏன் பயந்து ஓடுறாங்க?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்தபோதுதான் நான் எழுதிய அந்த ஒற்றை வரியே பிழை என்பது புரிந்தது. கீழே வரும் வரிசை முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்படி அமைத்தது.

முதலில் கண்ணை ஏமாற்றுங்கள்

வேதியியலில் தொடங்காதீர்கள். தாளைக் கிடைமட்டக் கோடுகள் தெரியும்படி வைத்து, ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும், அதிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கறுப்புப் புள்ளியும் போடச் சொல்லுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளை முகத்திலிருந்து ஒரு பள்ளி அடிக்கோல் நீளத்தில், அதாவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி காணாமற்போகும். மண்டபத்தில் ஒரு நிமிடம் அமைதி இருக்கும், பிறகு ஒவ்வொருவராகக் கத்துவார்கள்.

உடனே அடுத்த பாடத்துக்குத் தாவிவிடாமல், புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ஓட்டை தெரிகிறதா, இருட்டு தெரிகிறதா? இரண்டும் இல்லை, நோட்டுக்கோடு அறுபடாமல் ஓடுவது போலத் தெரியும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை, ஆகவே அந்த இடத்திலிருந்து மூளைக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. செய்தி வராத இடத்தை மூளை தானாகவே, அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து, கோடு போட்டு நிரப்பிவிடுகிறது. எந்தப் போதையும் உட்கொள்ளாத நிலையில், பட்டப்பகலில், இல்லாத ஒன்றை அவர்கள் இப்போது பார்த்திருக்கிறார்கள். நாம் பார்ப்பதெல்லாம் கண் அனுப்பும் செய்தியும் மூளையின் ஊகமும் சேர்ந்த கலவை என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் வழியை நான் இன்னும் காணவில்லை. ஊகத்துக்கும் செய்திக்கும் இடையிலுள்ள அந்தச் சமநிலையைக் கலைப்பதுதான் பிரமையூட்டிகளின் வேலை என்று இந்த இடத்தில் சொல்லிவிட்டு, எப்படிக் கலைக்கின்றன என்பதற்குப் போகலாம்.

செரோட்டோனினின் ஊரும் பேரும்

செரோட்டோனின் முதலில் மூளையில் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அன்று. இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீரில் இரத்தக் குழாயைச் சுருக்கும் ஏதோ ஒன்று இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ரப்போர்ட், ஆர்டா கிரீன், எர்வின் பேஜ் ஆகிய மூவர் 1948-இல் அதைப் பிரித்தெடுத்து, சீரத்தில் இருந்து இறுக்கம் தருவது என்ற பொருளில் செரோட்டோனின் என்று பெயரிட்டார்கள். நம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு மறக்காது. மூளையிலும் அது உண்டு என்பதைப் பெட்டி டுவாரொக் என்ற இளம் பெண் ஆய்வாளர் காட்டியது 1953-இல்.

உடலில் உள்ள செரோட்டோனினில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. மூளைக்குத் தேவையானதை மூளை தானே, உணவிலிருந்து வரும் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும்; ஏனெனில் இரத்தத்தில் ஓடும் செரோட்டோனின் மூளையின் காப்புச் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. வாழைப்பழத்தில் செரோட்டோனின் உண்டு, எண்ணெயில் பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரேங் சாப்பிட்டால் மனம் குளிருமா என்று யாராவது கேட்பார்கள். மனம் குளிரலாம், ஆனால் காரணம் அது அன்று.

மூளையில் அதைச் செய்யும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ராஃபே என்னும் திரள்களில் இருக்கின்றன. மூளையின் மொத்த நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றில் இவை சில லட்சம் மட்டுமே. ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க, மேட்டின் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுகிறேன். தொட்டி ஒன்றுதான், அதிலிருந்து குழாய் எல்லா லயத்துக்கும் போகிறது. அந்தத் தண்ணீர் ஒரு வீட்டில் உலையில் ஏறும், இன்னொரு வீட்டில் துணி துவைக்கும், மூன்றாவது வீட்டில் மல்லிகைச் செடிக்குப் போகும். ஆகவே தண்ணீர் என்றால் சமையல் என்று சொல்வது எவ்வளவு பிழையோ, செரோட்டோனின் என்றால் மகிழ்ச்சி என்று சொல்வதும் அவ்வளவு பிழை. தூக்கம், பசி, வாந்தி, உடல் வெப்பம், மனநிலை, வலி ஆகிய எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. அது என்ன செய்யும் என்பதை, அது போய்ச் சேரும் இடத்தில் உள்ள ஏற்பிதான் முடிவு செய்கிறது.

பூட்டும் கள்ளச்சாவியும்

ஏற்பி என்பது நரம்பணுவின் மேற்சுவரில் பதிந்திருக்கும் ஒரு புரதம். செரோட்டோனினுக்கு ஏழு குடும்பங்களாகப் பிரிந்த 14 வகை ஏற்பிகள் உள்ளன. எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் பிள்ளைகளை விரட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று போதும். மூன்றாம் குடும்பத்து ஏற்பி குடல் நரம்புகளில் இருந்து வாந்தியைத் தூண்டுகிறது; புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு வாந்தியை நிறுத்தத் தரப்படும் ஒண்டான்செட்ரான் அதைத்தான் அடைக்கிறது. இரண்டாம் குடும்பத்து ஏற்பிகளில் 2பி என்பது இதய வால்வுகளிலும் உண்டு. அதை நீண்ட காலம் தூண்டியதால் வால்வு தடித்துப்போன காரணத்தால் ஃபென்ஃபுளுரமின் என்னும் எடைக்குறைப்பு மருந்து 1997-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நம் கதையின் நாயகன் அதே குடும்பத்து 2ஏ.

இப்போது பூட்டைக் கையில் எடுங்கள். ஏற்பிதான் பூட்டு, செரோட்டோனின் அதன் சாவி. செரோட்டோனின் மூலக்கூறின் அடிப்படை, ஒரு அறுகோண வளையமும் ஒரு ஐங்கோண வளையமும் ஒட்டிய இண்டோல் என்னும் அமைப்பு. அதிலிருந்து ஒரு சிறு வால் நீளும். சில காளான்களில் உள்ள சைலோசைபின் என்னும் பிரமையூட்டி உடலுக்குள் போனதும் தன் பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டுச் சைலோசினாக மாறுகிறது. அந்தச் சைலோசினின் உருவம் செரோட்டோனினுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். டி.எம்.டி. என்னும் இன்னொரு பிரமையூட்டியும் அதே வளையம்தான். எல்.எஸ்.டி. என்னும் பிரமையூட்டி அளவில் பெரியது, ஆனால் அதன் வயிற்றுக்குள்ளும் அதே இண்டோல் ஒளிந்திருக்கிறது. இதைப் பலகையில் வரைந்து, பொதுவான பகுதியை மட்டும் வேறு நிறத்தில் காட்டினால், ‘கள்ளச்சாவி’ என்ற சொல்லைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஒருவகைக் கள்ளிச்செடியில் உள்ள மெஸ்கலின் மட்டும் இந்த உருவத்தில் சேராது. இருந்தும் அதே பூட்டைத் திறக்கிறது.

எல்.எஸ்.டி.யின் பிறப்பைச் சொல்லும்போது எனக்கு என் பழைய பணிமேசை நினைவுக்கு வரும். பிள்ளை பெற்ற தாய்க்கு இரத்தப்போக்கு நிற்காதபோது எர்கோமெட்ரின் ஊசி போடுவோம். ரை என்னும் குளிர்நாட்டுத் தானியக் கதிரில் படரும் எர்கட் பூஞ்சையிலிருந்து 1935-இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து அது. அதே பூஞ்சையின் வேதிப்பொருள்களோடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆல்பர்ட் ஹோஃப்மான் 1938-இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார், 1943 ஏப்ரலில் தற்செயலாக அது அவர் உடலுக்குள் போனபிறகுதான் அதன் குணம் தெரிந்தது. மூன்று நாள் கழித்து அவர் வேண்டுமென்றே எடுத்தது ஒரு மில்லிகிராமில் நான்கில் ஒரு பங்கு. ஒரு பாரசிட்டமால் மாத்திரை 500 மில்லிகிராம், அதாவது இதைப்போல் 2,000 மடங்கு. இவ்வளவு சிறு அளவில் வேலை செய்கிறது என்றால், அது மூளை முழுவதையும் நனைத்துச் செய்யவில்லை, குறிப்பிட்ட ஒரு பூட்டைத் தேடிப் போய்த் திறக்கிறது என்பது அப்போதே பலருக்குப் பொறி தட்டியது. 1953, 1954 ஆண்டுகளில் பிரிட்டனில் ஜான் கேடமும் நியூயார்க்கில் வூலி, ஷா இருவரும் எல்.எஸ்.டி. செரோட்டோனினோடு மல்லுக்கு நிற்பதைக் காட்டினார்கள். மனநோய்க்கும் மூளையின் வேதியியலுக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் வலுப்பட்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பூட்டு எது என்பதற்கு மனிதரிடத்தில் சான்று வேண்டுமே. சூரிக்கில் ஃபிரான்ஸ் வோலன்வைடர் குழுவினர் 1998-இல் அதைச் செய்தார்கள். 2ஏ ஏற்பியை அடைக்கும் கீட்டான்செரின் என்னும் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் சைலோசைபினைக் கொடுத்தபோது, பிரமை எழவில்லை. துவாரத்தில் மெழுகை அடைத்துவிட்டால் கள்ளச்சாவி நுழையாது. பூட்டில் ஒரு துண்டு காகிதத்தைத் திணித்து இதைக் காட்டலாம். பிறகு அதை எடுக்க ஒரு குண்டூசி கொண்டுபோவது நல்லது.

பூட்டை வைத்து இன்னொன்றையும் காட்டலாம். திறந்திருக்கும்வரை சாவியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டுகள் கடையில் கிடைக்கும். 2017-இல் எல்.எஸ்.டி. ஒட்டியிருந்த 2பி ஏற்பியின் உருவத்தைப் படிக வடிவில் படம் பிடித்தபோது, எல்.எஸ்.டி. உள்ளே உட்கார்ந்ததும் ஏற்பியின் ஒரு பகுதி அதன்மேல் மூடிபோலக் கவிழ்ந்துகொள்வது தெரிந்தது. 2பி என்பது 2ஏ-வின் உடன்பிறப்பு. ஒரு துளி மருந்து பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆளை விடாமல் ஆட்டுவதற்கு இந்த மூடி ஒரு முக்கியக் காரணம். “பாதியில் நிறுத்த முடியுமா?” என்று கேட்பார்கள். வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. குளியலும் எலுமிச்சையும் அந்த மூடியைத் திறக்காது.

நல்ல சாவி ஏன் பிரமை தருவதில்லை

வகுப்பிலேயே கடினமான இடம் இதுதான், நேரத்தையும் இங்கேதான் செலவிட வேண்டும். 2ஏ பூட்டைச் செரோட்டோனினும் திறக்கிறது. அப்படியிருக்க, நாள் முழுவதும் நம் மூளையில் செரோட்டோனின் ஊறிக்கொண்டிருந்தும் நமக்கு ஏன் சுவர் ஆடவில்லை? என்னை மடக்கிய அந்தப் பெண் பிள்ளையின் கேள்வியின் மறுபக்கம் இது.

விடை ஒன்றல்ல. முதலாவது, செரோட்டோனின் வந்த வேகத்தில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். கள்ளச்சாவி மணிக்கணக்கில் தங்கும். இரண்டாவது, செரோட்டோனின் பதினான்கு பூட்டுகளையும் சேர்த்தே தொடுகிறது; 1ஏ போன்ற சில ஏற்பிகள் நரம்பணுவை அடக்கும், 2ஏ அதைக் கிளப்பும், ஆகவே ஒன்று மற்றொன்றைச் சமன்செய்கிறது. மூன்றாவது, ஏற்பி என்பது திறப்பது, மூடுவது என்ற இரண்டே நிலைகள் உள்ள சாதாரணப் பூட்டு அன்று. எந்தச் சாவி எவ்வளவு திருப்புகிறது என்பதைப் பொறுத்து உள்ளே வெவ்வேறு வேலைகள் தொடங்கும். இந்த இடத்தில் நம் பூட்டு உவமை உடைந்துவிடுகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; உவமை எங்கே முடிகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்மை அதிகமாக நம்புகிறார்கள். நான்காவது, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் எலிகளிடம் கண்டது: 2ஏ ஏற்பிகளில் கணிசமானவை நரம்பணுவின் உள்ளேயும் இருக்கின்றன; எண்ணெய்ப்பசையுள்ள இந்தப் போதைப்பொருள்கள் அணுச்சுவரைத் தாண்டி அவற்றை எட்டுகின்றன, செரோட்டோனினால் அவ்வாறு தானாகத் தாண்ட முடிவதில்லை.

இனி மூளையின் எந்தப் பகுதியில் இது நடக்கிறது என்பது. 2ஏ ஏற்பிகள் மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில், அதிலும் ஐந்தாம் அடுக்கில் உள்ள கூம்பு வடிவ நரம்பணுக்களில் நிறைந்திருக்கின்றன. கீழிருந்து வரும் கண், காது செய்திகளும், மேலிருந்து வரும் நினைவும் எதிர்பார்ப்பும் கலக்கும் சந்தி அது. அந்த அணுக்களுக்குள் கால்சியம் ஏறி, குளுட்டமேட் என்னும் தூண்டுபொருளின் ஓட்டம் பெருகி, சின்னச் சலசலப்புக்கும் அவை பதில் சொல்லத் தொடங்குகின்றன. செய்தியைச் சலித்து அனுப்பும் தலாமஸின் கட்டுப்பாடும் தளர்கிறது என்று பலர் கருதுகிறார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சைலோசைபின் கொடுத்து மூளையைப் படமெடுத்தபோது, மூளை கொதித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பல பகுதிகளை ஒருங்கிணைக்கும் நடு மையங்களில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. 2016-இல் எல்.எஸ்.டி.யைக் கொண்டு செய்த ஆய்வில், கண்ணை மூடியிருந்தபோதே பார்வைப் புறணி மூளையின் பிற பகுதிகளோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

இங்கே மீண்டும் நோட்டுத்தாளை எடுக்கச் சொல்லுங்கள். அன்றாடம் பட்டாணி அளவுள்ள ஓட்டையை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்த ஊகம், இப்போது தாள் முழுவதும் எழுதத் தொடங்குகிறது. போதைப்பொருள் வெளியிலிருந்து எந்தக் காட்சியையும் கொண்டுவந்து கொடுப்பதில்லை; பார்ப்பவருடைய மூளைக்குள் இருப்பதுதான் எழுந்து ஆடுகிறது. பயத்தோடு உட்கார்ந்தவருக்குப் பயம் பத்து மடங்காகும். மகிழ்ச்சி வருமா, கிலி வருமா என்று எந்த விற்பனைக்காரனும் உறுதி சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

தொடர்ந்து எடுத்தால் மூன்று நான்கு நாள்களில் வேலை செய்யாமல் போவதும் 2ஏ கணக்குத்தான். அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட ஏற்பிகளை நரம்பணு உள்ளிழுத்துக்கொள்கிறது. எல்.எஸ்.டி.க்குப் பழகியவருக்குச் சைலோசைபினும் எடுபடாது. இரண்டும் தட்டுவது ஒரே கதவு என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இந்தக் கணக்கில் சேராதவை

எல்லாப் போதையையும் ஒரே குடையின் கீழ் வைத்துப் பேசுவதுதான் நம் விழிப்புணர்வுக் கூட்டங்களின் பெரும் குறை. நம் வட்டாரத்தில் உண்மையில் புழங்குவது சியாபு என்னும் மெத்தாம்ஃபெட்டமின். அது டோபமின் என்னும் வேறொரு மூளை வேதிப்பொருளின் வழியாகச் செல்வது. கெத்தும் என்னும் மரத்து இலையிலுள்ள மித்ரகைனின் அபின் வகை ஏற்பிகளைத் தொடுகிறது. கோவிலில் சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையும் பிரமையைத் தரும், ஆனால் அது அசிட்டைல்கோலின் என்னும் இன்னொரு நரம்புச் செய்திப்பொருளை அடைத்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் ஏறி, எதிரே இல்லாத ஆளோடு பேசவைக்கும் சித்தக்குழப்பம், உயிரையும் எடுக்கும். எக்ஸ்டசி என்னும் போதை மாத்திரை செரோட்டோனினோடு தொடர்புடையதுதான், ஆனால் வழி வேறு: அதன் முக்கிய வேலை பூட்டைத் திறப்பது அன்று, நரம்பணுவின் சேமிப்பையே கவிழ்த்துக் கொட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியை உடைப்பது போல என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எல்.எஸ்.டி. என்று சொல்லி விற்கப்படும் காகிதத் துண்டில் என்போம் என்னும் வேறொரு செயற்கைப் பொருள் இருந்து, அதனால் இறந்தவர்கள் உலகின் பல நாடுகளில் உண்டு. அதுவும் 2ஏ-வைத்தான் தூண்டுகிறது, மிகக் கடுமையாக. சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும்: எல்.எஸ்.டி., சைலோசைபின் இரண்டும் மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன; கடத்தினால் அதன் 39பி பிரிவில் மரண தண்டனை வரை போகலாம்.

கேள்வி நேரம்

கடைசி அரை மணி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள். பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போட ஒரு பிஸ்கட் டின் வையுங்கள். வாயால் கேட்க முடியாதது அதில் வரும். எனக்கு ஒரு முறை, “அண்ணன் ஏதோ எடுத்துட்டு ரூமுக்குள்ள அழுதுகிட்டு இருந்தாரு, நான் என்ன செய்திருக்கணும்?” என்று வந்தது. அதற்கு நான் சொன்னது இது. அடிக்கவோ கட்டிப்போடவோ கூடாது. கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, விளக்கைக் குறைத்து, அவர் நம்பும் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, இது மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் அடங்கும் என்று மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். உடல் அனலாகக் கொதித்தாலோ, தசை விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்த முயன்றாலோ 999-ஐ அழைக்க வேண்டும். வருபவரிடம் எடுத்தது என்ன என்பதை மறைக்கக் கூடாது. மனச்சோர்வுக்குக் கிளினிக்கில் தரும் செர்ட்ராலின், வலிக்குத் தரும் டிரமடோல் போன்றவையும் செரோட்டோனினைக் கூட்டுபவை. எக்ஸ்டசியோடு சேர்ந்தால் செரோட்டோனின் மிகையாகி உயிருக்கே ஆபத்து வரும் என்பதால், அன்றாடம் சாப்பிடும் மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால், பிரமையூட்டியை ஒரே ஒரு முறை எடுப்பதுகூட அந்த நோயைக் கிளப்பிவிடலாம்.

தைப்பூசத்தை ஒட்டி வகுப்பு வைத்தால், “சாமி ஆடுறதும் இதுதானா?” என்ற சீட்டு கட்டாயம் வரும். அருள் வந்து ஆடுபவரின் உடலுக்குள் எந்தக் கள்ளச்சாவியும் போகவில்லை, ஆகவே இந்தப் பாடத்தை அங்கே பொருத்தாதீர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மண்டபம் கோவிலுடையது, பூசாரியும் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், தாளை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டுவார்கள். போன மாதம் ஒரு பையன் மறுவாரம் வந்து, பாட்டிக்கு மட்டும் சோதனை பலிக்கவில்லை, புள்ளியும் தெரியவில்லை, பெருக்கல் குறியும் தெரியவில்லை என்றான். போய்ப் பார்த்தேன், பாட்டிக்கு வலக்கண்ணில் புரை வெள்ளையாகப் படர்ந்திருந்தது, யாரிடமும் சொல்லாமல் இடக்கண்ணாலேயே சமையலைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.